கன்சோல் எங்கே தம்பி?

பன்னிரண்டு டெர்மினல். எல்லாம் ஒரே சைஸ். ஒரே கருப்புத் திரை, ஒரே பச்சை எழுத்து, ஒரே அழுக்கு கீ-போர்டு. இதில் ஒண்ணே ஒண்ணுக்குத்தான் ராஜ மரியாதை. அது எதுன்னு கண்டுபிடிங்க பார்ப்போம்!

‘மேல ஸ்டிக்கர் ஒட்டியிருக்குமே...’ என்று நீங்கள் சொன்னால், நீங்களும் நானும் ஒரே கட்சி. அந்த ஸ்டிக்கரை நம்பி நான் வாங்கின பல்பு இருக்கே... 1000 வாட்ஸ்!

2005-ம் வருஷம். பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிச்சுட்டு, தல்லாகுளம் போஸ்ட் ஆபீஸ் பக்கம் டீக்கடையில் ‘அடுத்து என்ன மாப்ள?’ என்று மாறி மாறி கேட்டுக்கொண்டிருந்த கோஷ்டியில் நானும் ஒருத்தன். கூடப் படித்தவனில் பாதிப் பேர் சென்னைக்குப் பெட்டி கட்டிவிட்டான். எனக்கு ரெண்டு அரியர். க்ளியர் பண்ணி முடிப்பதற்குள் கேம்பஸ் இன்டர்வியூ சீஸனே முடிந்திருந்தது. அப்போதுதான் அழகர்கோவில் ரோட்டில் ஒரு ஆபீஸில் ‘கம்ப்யூட்டர் ஆபரேட்டர் தேவை’ என்று கேள்விப்பட்டுப் போனேன். ஊருக்கு வெளியே ஒரு நூல் மில், அதற்கு தல்லாகுளத்தில் ஹெட் ஆபீஸ். பேர் வேண்டாம். சம்பளமும் சொல்கிற மாதிரி இல்லை.

முதல் நாள் கம்ப்யூட்டர் ரூமுக்குள் நுழைந்ததும் ஏமாற்றம். ஜாவா, டாட்நெட் என்று கனவு கண்டு வந்தவனுக்கு முன்னால், சின்ன பீரோ சைஸில் ஒரு கருப்புப் பெட்டி. பக்கத்தில் மௌஸ் கூட இல்லை. “என்னண்ணே இது, மியூசியத்துல இருக்க வேண்டியது?” என்றேன். நமக்குத்தான் காந்தி மியூசியம் நடக்கிற தூரமாச்சே!

ஆபரேட்டர் அண்ணன் சிரிக்கவில்லை. “தம்பி, இது பேரு ஏ.எஸ்.400. நீ மூணாங்கிளாஸ் முடிக்கிறதுக்குள்ள இது உலகத்துல பாதி பேங்குக்குக் கணக்குப் பார்த்துருச்சு” என்றார். பாதி பேங்க் என்பது அண்ணனின் மதுரைக் கணக்கு. ஆனால், சமாசாரம் உண்மை.

இங்கே ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். மெயின்ஃப்ரேம் என்பது யானை, பி.சி. என்பது ஆட்டுக்குட்டி என்றால், நடுவில் ஒரு காளை மாடு வேண்டாமா? அதுதான் ‘மிட்ரேஞ்ச்’ கம்ப்யூட்டர். நடுத்தரக் கம்பெனிகள் நம்பி வாங்கிய வகை. ஐ.பி.எம். கம்பெனி தன்னுடைய சிஸ்டம்/36, சிஸ்டம்/38 இரண்டுக்கும் வாரிசாக ஏ.எஸ்.400-ஐ 1988 ஜூன் 21-ல் அறிவித்தது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ரோசெஸ்டர் என்கிற ஊரில் பிறந்த குழந்தை. செல்லப்பெயர் ‘சில்வர்லேக்’. அப்போது ஐ.பி.எம். நம்ம நாட்டிலேயே இல்லை. 1978-ல் மூட்டை கட்டிப் போனவர்கள், 1992-ல் டாடாவோடு கை கோர்த்துத்தான் திரும்பி வந்தார்கள். அதற்கப்புறம்தான் இந்த மாதிரிப் பெட்டிகள் இங்கே பரவலாக இறங்கின.

“இதுல மௌஸ் கிடையாது, படம் கிடையாது. ஆனா, ராத்திரி பகல் ஓடும். நின்னுச்சுன்னா மட்டும் நீ ஒரே ஒரு எடத்துக்குத்தான் ஓடணும்” என்று சொல்லி, மூலையில் இருந்த டெர்மினலைக் காட்டினார் அண்ணன். தலையில் சிவப்பு ஸ்டிக்கர். ‘கன்சோல்’.

கன்சோல் என்றால் என்ன? மற்ற டெர்மினல்கள் எல்லாம் கோயிலில் தர்ம தரிசனம் மாதிரி. மெஷின் முழுசாக எழுந்து, குளித்து, அலங்காரம் முடிந்து, நடை திறந்தால்தான் அவர்களுக்கு சாமி தெரியும். கன்சோல் அப்படி இல்லை, அர்ச்சகர் நிற்கிற இடம். மெஷின் பாதித் தூக்கத்தில் இருக்கும்போதே அதோடு பேசலாம். வாரம் ஒரு முறை முழு பேக்கப் எடுக்கும்போது மற்ற எல்லாரையும் வெளியே அனுப்பி மெஷினைத் தனிமைப்படுத்துவார்கள். அப்போது உயிரோடு இருப்பது இந்த ஒரு திரை மட்டும்தான். டிஸ்க் போச்சு, பாஸ்வேர்டு மறந்தாச்சு, ஆபரேட்டிங் சிஸ்டத்தையே புதுசாகப் போடணும்... எல்லாப் பஞ்சாயத்துக்கும் இங்கேதான் வரணும்.

அண்ணன் இன்னொன்றும் சொன்னார். மெஷினுக்குப் பக்கத்தில் செங்கல் மாதிரி ஒரு பெட்டி. அதன் பேரே ‘ப்ரிக்’தான். அதில் எட்டு ஓட்டை, 0 முதல் 7 வரை நம்பர். அங்கிருந்து ட்வினாக்ஸ் என்கிற தடியான கேபிள் கிளம்பும். ஒரு கேபிளில் ஏழு டெர்மினல் வரை மணி கோர்த்த மாதிரி வரிசையாக மாட்டலாம். 5000 அடி வரை இழுக்கலாம். அந்த வரிசையில் ஒவ்வொரு டெர்மினலுக்கும் 0 முதல் 6 வரை ஒரு அட்ரஸ். ரெண்டு டெர்மினலுக்கு ஒரே அட்ரஸ் வைத்தால் ரெண்டும் சண்டை போட்டுக்கொள்ளும். கடைசி டெர்மினலில் கேபிளை முறையாக முடித்து வைக்காவிட்டால் வரிசை முழுக்கப் பேயாட்டம்.

“நல்லாக் கேட்டுக்க தம்பி. போர்ட் 0, அட்ரஸ் 0. அந்த எடம் கன்சோலுக்கு மட்டும். நான் வேற எந்த லைன்லயும் எவனுக்கும் 0 குடுக்குறதில்ல. 1-ல இருந்துதான் ஆரம்பிப்பேன். ஏன்னு ஒருநாள் உனக்கே புரியும்.”

நானும் மண்டையை ஆட்டினேன். பரீட்சைக்கு முந்தின நாள் நோட்ஸ் வாங்கும்போது ஆட்டுவோமே, அதே ஆட்டு.

சித்திரைத் திருவிழா வந்தது. மதுரைக்காரங்களுக்கு விளக்க வேண்டாம். வெளியூர்க்காரங்களுக்காக: மீனாட்சி கல்யாணம், தேரோட்டம் எல்லாம் முடிகிற நேரத்தில் அழகர்மலையில் இருந்து கள்ளழகர் புறப்பட்டு வருவார். மூன்றுமாவடி, புதூர் வழியாக வருகிறவரை ஊரே எதிர்கொண்டு அழைப்பது ‘எதிர்சேவை’. அன்று ராத்திரி எங்க தல்லாகுளம் பெருமாள் கோயிலில்தான் ஸ்டே. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக்கொடுத்த மாலையை இங்கேதான் போட்டுக்கொள்வார். விடிகாலையில் தங்கக் குதிரையில் ஏறி வைகைக்குக் கிளம்புவார். பெட்டிக்குள் கை விட்டு எடுக்கும்போது என்ன கலர் பட்டு வருகிறதோ, அதுதான் அன்றைக்கு. பச்சை வந்தால் நாடு செழிக்கும் என்பது நம்பிக்கை.

அந்த வருஷம் மில் தொழிலாளிகளுக்கு எதிர்சேவை அன்று சம்பளம் என்று முடிவானது. திருவிழாச் செலவுக்கு ஆகட்டுமே என்று. எங்கள் சித்தப்பாவும் அந்த மில்லில்தான் ஸ்பின்னிங் செக்‌ஷன். தங்கச்சிக்கு முடி இறக்குகிற வேண்டுதல், பட்டுப் பாவாடை, சொந்தக்காரங்களுக்குச் சாப்பாடு... எல்லாம் அந்தச் சம்பளக் கவரை நம்பித்தான். “டேய், ஒங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்தான கணக்குப் போடுது? பாத்து வெரசா போடச் சொல்லுடா” என்று ரெண்டு நாளாகவே போன்.

அதற்கு மூணு நாள் முன்னாடி, திங்கட்கிழமை, கம்ப்யூட்டர் ரூம் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். ப்ரிக்கைச் சுவரில் இருந்து கழற்ற வேண்டியிருந்தது. “தம்பி, கேபிளைக் கழட்டி, முடிஞ்சதும் அதே மாதிரி மாட்டிரு” என்று சொல்லிவிட்டு அண்ணன் மாடிக்குப் போனார். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. கழற்றினேன். வெள்ளையடித்தார்கள். மாட்டினேன். ஒவ்வொரு டெர்மினலாகப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றிலும் சைன்-ஆன் திரை வந்தது. ‘சூப்பர்டா நீ’ என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

மறுநாள் அக்கவுன்ட்ஸ் அக்கா வந்தார். “ஏம்ப்பா தம்பி, என் பிரின்ட்டெல்லாம் எங்க ரூம் பிரின்டர்ல வராம, ஒங்க பெரிய பிரின்டர்ல போய் விழுகுது?”

“பாத்துச் சொல்றேங்க்கா” என்றேன். பார்க்கவில்லை.

சம்பள நாள். அண்ணன் லீவு. அவர் வருஷா வருஷம் அழகர் வேஷம் கட்டி, தோல் பையில் தண்ணீர் பீய்ச்சுகிற வேண்டுதல்காரர். “காலையில மூணுமாவடில இருப்பேன். சம்பளத்தை ஓட்டிருவேல்ல?” என்று முந்தின நாளே கேட்டார். “அண்ணே, நான் இருக்கேன்ல!” என்று சீன் போட்டேன்.

காலை பத்தே முக்காலுக்குக் கரன்ட் போனது. பத்து நிமிஷம் தாங்கும் என்று நினைத்த யு.பி.எஸ். மூணே நிமிஷத்தில் ‘கீ...’ என்று கத்திவிட்டுப் படுத்தது. மெஷின் சம்பளக் கணக்கின் நடுவில் அப்படியே அணைந்தது.

கரன்ட் திரும்பியதும் அண்ணன் சொல்லிக் கொடுத்தபடி ஆரம்பித்தேன். மெஷின் தூங்கி எழுவதற்கு ‘ஐ.பி.எல்.’ என்று பேர். பி.சி.-க்கு பூட் பண்ணுவது மாதிரி. அதை ரெண்டு விதமாகச் செய்யலாம். ‘நார்மல்’ என்றால் அதுவே தானாக எழுந்துகொள்ளும். ‘மேனுவல்’ என்றால் ஒவ்வொரு படியிலும் நம்மைக் கேட்கும். மெஷின் திடீரென்று செத்திருந்தால் மேனுவலில்தான் எழுப்பணும் என்பது அண்ணன் வைத்திருந்த சட்டம். காரணம் இருக்கிறது. பாதியில் அணைந்தால் டேட்டாபேஸில் பல இன்டெக்ஸ்களை மறுபடி கட்ட வேண்டிவரும். மேனுவலில் எழுப்பினால், எதை முதலில் கட்டுவது, எதை அப்புறம் பார்ப்பது என்று நாம் வரிசை போடலாம். அன்றைக்குச் சம்பள ஃபைல்தான் முதலில் வேண்டும்.

பேனலில் மேனுவல் வைத்தேன். ஸ்டார்ட். குட்டித் திரையில் கோடு கோடாக நம்பர்கள் ஓடின. நாற்பது நிமிஷம் கழித்து ஒரு நம்பரில் வந்து நின்றது.

ஏ600 5008.

ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். அசையவில்லை. அண்ணனின் பழைய நோட்டைப் புரட்டினேன். அவர் கையெழுத்தில் எதிரே ஒரே வரி: ‘கன்சோலைத் தேடுது. கிடைக்கல.’

கிடைக்கலையா? இதோ இருக்கே, சிவப்பு ஸ்டிக்கரோட! ஸ்டிக்கர் டெர்மினலை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். இடது மூலையில் கர்சர் மட்டும் சிமிட்டியது. கேபிளை அழுத்தினேன். கீ-போர்டைத் தட்டினேன். சாமி கும்பிட்டேன். ம்ஹூம்.

அப்போதுதான் வயிற்றில் ஏதோ புரண்டது. திங்கட்கிழமை. கேபிள். அக்கா சொன்ன பிரின்டர். ஏதோ நான்தான் செய்திருக்கிறேன் என்று மனசுக்குத் தெரிந்துவிட்டது. என்ன என்பதுதான் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்தார். “என்னப்பா, என்ன பிரச்னை?”

நான் சொன்ன பதில் இன்றைக்கும் காதில் இருக்கிறது: “மெஷின் ஃபெயிலியர் போல சார். ஹார்ட்வேர்.”

பொய்யா? முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால், உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் முகம் வெளுத்தது. உடனே சென்னைக்குப் போன். “இன்ஜினீயர் கிளம்பி வரவே நாளைக்கு ஆயிருமாம். சம்பளம் திருவிழா முடிஞ்சுதான்னு மில்லுல சொல்லிரட்டுமா?” என்றார். நான் பேசாமல் நின்றேன். சித்தப்பா, தங்கச்சி, பட்டுப் பாவாடை... எல்லாரும் ஏ.சி. ரூமில் என் எதிரே வந்து நின்ற மாதிரி இருந்தது.

“ஒரு மணி நேரம் குடுங்க சார்” என்று மட்டும் சொன்னேன்.

அண்ணனின் செல்லுக்கு இருபது தடவையாவது அடித்திருப்பேன். அந்தக் கூட்டத்தில் எங்கே கேட்கும்? ஆபீஸ் பையனை சைக்கிளில் அனுப்பினேன். ஒரு மணி சுமாருக்குக் கதவு திறந்தது. திரும்பிப் பார்த்தால்... தலையில் உருமா, நெற்றியில் நாமம், ஜிகினா வைத்த சல்லடம், தோளில் தண்ணீர் நிறைந்த தோல் பை. அழகரே கம்ப்யூட்டர் ரூமுக்கு எழுந்தருளிய மாதிரி அண்ணன்! தண்ணீர்ப் பையை மட்டும் மறக்காமல் வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்தார். ரூல்னா ரூல்.

பேனலைப் பார்த்தார். திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி.

“தம்பி, திங்கக்கெழமை கழட்டி மாட்டுனியே... எந்தக் கேபிளு எந்த ஓட்டைல இருந்துச்சுன்னு எழுதி வச்சியா?”

“இல்லண்ணே.”

“சரி, வா.”

ப்ரிக் முன்னால் ரெண்டு பேரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தோம். ஸ்டிக்கர் டெர்மினலின் கேபிளைக் கையால் தடவிக்கொண்டே வந்தேன். மேஜைக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், சுவரோரமாக... வந்து முடிந்த இடம், போர்ட் 3!

போர்ட் 0-வில் இருந்த கேபிள்? அக்கவுன்ட்ஸ் ரூமுக்குப் போனது. அங்கே மூணு டெர்மினல். அட்ரஸ் 1, 2, 3. அண்ணன் சட்டப்படி 0 கிடையாது. மெஷின் போர்ட் 0-வுக்குப் போய் ‘அட்ரஸ் 0, இருக்கியாப்பா?’ என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. பதில் சொல்ல ஆளில்லை. கன்சோல் என்று நான் கும்பிட்ட பெட்டி, மூணாவது வாசலில் சும்மா உட்கார்ந்திருக்கிறது!

அப்படியென்றால் மூணு நாளாக எப்படி எல்லாம் ஓடியது? மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது புது இடத்தில் டெர்மினல் தெரிந்தால், அதுவே ஒரு புதுப் பேர் வைத்துச் சேர்த்துக்கொள்ளும். அதனால்தான் எல்லாத் திரையிலும் சைன்-ஆன் வந்தது. பேர் மாறியதால்தான் அக்காவின் பிரின்ட் வேறு பிரின்டருக்குப் போனது. சைன்-ஆன் திரையின் வலது மேல் மூலையில் மூணு வரி இருக்கும்: சிஸ்டம், சப்சிஸ்டம், டிஸ்ப்ளே. கன்சோல் என்றால் டிஸ்ப்ளேயில் ‘டி.எஸ்.பி. 01’ என்றும், சப்சிஸ்டத்தில் ‘க்யூ கன்ட்ரோல்’ என்றும் இருக்க வேண்டும். மூணு நாளாக அந்த ஸ்டிக்கர் டெர்மினல் வேறு பேரைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. நான் ஸ்டிக்கரைப் படித்தேன், திரையைப் படிக்கவில்லை.

“புரிஞ்சுச்சா தம்பி? கன்சோலுங்கிறது பெட்டி இல்ல. எடம்” என்றார் அண்ணன். “இப்ப அக்கவுன்ட்ஸ் ரூம்ல ஒரு டெர்மினலுக்கு செட்-அப்ல போய் அட்ரஸை 0-ன்னு மாத்துனாலும் போதும். அதுவே கன்சோலாயிரும். ஆனா, போறவன் வர்றவன் எல்லாம் உக்காருற ரூம்ல மொத்த மெஷினோட சாவியை வைக்கலாமா? அதான் அதைப் பூட்டுற ரூம்ல வச்சிருக்கோம்.”

கேபிளை மாற்றி மாட்டினோம். ஸ்டிக்கர் டெர்மினலை ஆன் பண்ணி, மறுபடி முதலில் இருந்து ஐ.பி.எல்.. இந்தத் தடவை நம்பர்கள் ஓடி ஓடி... அந்த இருட்டுத் திரையில் பளிச்சென்று பச்சை எழுத்தில் மெனு வந்தது. ‘ஐ.பி.எல். செய்யவா? சிஸ்டத்தை இன்ஸ்டால் செய்யவா?’ என்று கேட்கிற முதல் மெனு.

“பச்சை வந்துருச்சுடா!” என்றார் அழகர் வேஷத்தில் இருந்த அண்ணன். சிரித்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது சிரிப்பால் மட்டும் இல்லை.

1 அழுத்தினோம். சம்பள ஃபைலின் இன்டெக்ஸை முதல் வரிசைக்குக் கொண்டுவந்தோம். மூணு மணிக்கு சிஸ்டம் எழுந்தது. சம்பளக் கணக்கை முதலில் இருந்து ஓட்டினோம். நாலரைக்குக் கடைசி பே-ஸ்லிப் பிரின்டரை விட்டு வெளியே வந்தது. இதற்குள் அழகர்கோவில் ரோட்டை மறித்துவிட்டார்கள். வேன் போகாது. காகிதக் கட்டுகளைச் சாக்கில் கட்டி, அண்ணனின் டி.வி.எஸ். 50-ல் வைத்து, நரிமேடு பக்கமாகச் சுற்றிக்கொண்டு கிளம்பினோம். அழகர் வண்டி ஓட்ட, பின்னால் நான் சம்பளத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு... ரோட்டில் போனவர்கள் எல்லாம் கும்பிட்டார்கள். அண்ணனும் விடாமல் ஆசீர்வாதம் பண்ணிக்கொண்டே வந்தார்!

ஏழு மணிக்குள் கவர் எல்லார் கைக்கும் போய்ச் சேர்ந்தது. சித்தப்பா வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போனதைத் தூரத்தில் இருந்து பார்த்தேன். கிட்டே போகத் தைரியம் வரவில்லை.

திரும்பி வரும்போது அண்ணனிடம் சொன்னேன்: “அண்ணே, நான் மேனேஜர்ட்ட ஹார்ட்வேர் பிரச்னைன்னு சொல்லிட்டேன்.”

“தெரியும். அவர்தான் என்கிட்டச் சொன்னாரே.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் ஒண்ணும் சொல்லல. கேபிளை மாத்துனது நீ. அதை நீதான் சொல்லணும். நான் சொன்னா அது கோள்மூட்டுறது. நீ சொன்னா அது ரிப்போர்ட்டு.”

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. வெளியே வேட்டுச் சத்தம், கோவிந்தா கோஷம். எதைச் சொன்னால் வேலை போகும், எதைச் சொன்னால் தப்பிக்கலாம் என்று மண்டைக்குள் தனித் திருவிழா.

விடுமுறை முடிந்து மறுபடி ஆபீஸ் திறந்த அன்று மேனேஜர் ரூமுக்குப் போனேன். “சார், அன்னிக்கு மெஷின் ரிப்பேர் இல்ல. நான் கேபிளை மாத்தி மாட்டுனதுதான். தெரிஞ்சே உங்ககிட்ட வேற மாதிரி சொல்லிட்டேன்” என்றேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், “நடந்ததை நடந்த மாதிரி ஒரு பேப்பர்ல எழுதிக் குடு” என்றார். மெமோவுக்குத்தான் என்று நினைத்து, மூணு பக்கம் எழுதிக் கொடுத்தேன். எந்த போர்ட்டில் எந்த கேபிள், எந்த டெர்மினலுக்கு எந்த அட்ரஸ், அந்த எரர் நம்பருக்கு என்ன அர்த்தம், எப்படிச் சரி செய்தோம் என்று எல்லாம். அவர் படித்துவிட்டுச் சொன்னார்: “இதுல ஒரு ஜெராக்ஸ் எடுத்து கம்ப்யூட்டர் ரூம்ல ஒட்டு. நாளைக்கு நீயும் இருக்க மாட்ட, அவரும் இருக்க மாட்டாரு. மெஷின் இருக்கும்.”

என் வாழ்க்கையில் நான் எழுதின முதல் டாகுமென்ட்டேஷன் அதுதான்!

அதற்கப்புறம் நான் சென்னைக்கும் போனேன், இதே மெஷினை நம்பியே பல வருஷம் பிழைப்பும் ஓடியது. அந்தப் பெட்டி 2000-ல் ‘ஐ-சீரிஸ்’ ஆனது. 2006-ல் ‘சிஸ்டம் ஐ’. 2008-ல் ‘பவர் சிஸ்டம்ஸ்’ மெஷின்களில் ஓடும் ‘ஐ.பி.எம். ஐ’. 2025-ல் அதன் 7.6 வெர்ஷனும் வந்தாச்சு. நான் மியூசியத்துக்கு அனுப்பப் பார்த்த ஆசாமி இன்னும் டியூட்டியில்தான் இருக்கிறார்.

ட்வினாக்ஸ் தடிக் கேபிள்கள்தான் போய்விட்டன. இப்போது கன்சோல் என்பது நெட்வொர்க்கில் இணைந்த ஒரு பி.சி.-யாக இருக்கலாம். அதை ‘லேன் கன்சோல்’ என்பார்கள். அல்லது ‘ஹெச்.எம்.சி.’ என்கிற தனி மேனேஜ்மென்ட் பெட்டியாக இருக்கலாம். 2004-ல் வந்த வி5ஆர்3 காலத்தில் இருந்து, பேனலில் 65, அதற்குப் பின் 21 என்று வரிசையாகக் கொடுத்துக் கன்சோல் வகையையே மாற்றுகிற வசதியும் உண்டு. வகை எதுவானாலும் வேலை ஒன்றுதான்: மற்ற எல்லாம் மூடியிருக்கும்போது திறந்திருக்கிற ஒரு கதவு.

க்ளவுட் படிக்கிற தம்பி, தங்கச்சிகளே... ‘எங்களுக்கு எதுக்கு இந்தப் பழங்கதை?’ என்று கேட்காதீங்க. கண்ணுக்கே தெரியாத சர்வருக்கும் கன்சோல் வேண்டியிருக்கிறது. அமேசான் தன் க்ளவுட் சர்வர்களுக்கு ‘சீரியல் கன்சோல்’ கொடுத்தது 2021-ல்தான். நெட்வொர்க்கே செத்துப்போன சர்வருக்குள் எட்டிப் பார்க்க வேறு வழி?

அதனால், நாளைக்கு நீங்கள் ஏதோ ஒரு ஆபீஸில், ஏதோ ஒரு மெஷின் முன்னால் நிற்கும்போது, அண்ணன் எனக்குச் சொன்ன நாலு விஷயத்தை மட்டும் மறக்காதீங்க.

ஒண்ணு: மெஷின் நல்லா இருக்கும்போதே கன்சோல் எதுன்னு கண்டுபிடிங்க. நின்ன பிறகு தேடாதீங்க.

ரெண்டு: ஸ்டிக்கரை நம்பாதீங்க. மெஷினையே கேளுங்க. ஏ.எஸ்.400-ல் ‘க்யூகன்சோல்’ என்று ஒரு சிஸ்டம் வேல்யூ உண்டு. அதைத் திறந்து பார்த்தால் கன்சோலின் பேரைச் சொல்லிவிடும். திரை மூலையில் இருக்கும் பேரோடு ஒத்துப் பாருங்க. அப்புறம் கேபிளைத் தடவிப் பாருங்க. மூணும் ஒரே பதிலைச் சொல்லணும்.

மூணு: கழற்றுவதற்கு முன்னால் லேபிள் ஒட்டுங்க. அக்கா மாதிரி யாராவது ‘ஏதோ மாறியிருக்கே’ன்னு சொன்னா, அன்னிக்கே எழுந்து போய்ப் பாருங்க.

நாலு: தப்பு நம்மளோடதுன்னா, அடுத்தவங்க கண்டுபிடிக்கும் முன்னாடி நாமே சொல்லிடணும். நான் லேட்டாத்தான் சொன்னேன். நீங்க சீக்கிரம் சொல்லுங்க.

அந்தத் திருவிழா விடிகாலையில் வைகைக் கரையில் சித்தப்பாவைப் பார்த்தேன். தோளில் தங்கச்சி. மொட்டைத் தலையில் சந்தனம், இடுப்பில் புதுப் பாவாடை. “டேய், ஒங்க கம்ப்யூட்டர் கரெக்டாக் கணக்குப் போட்டுருச்சுடா. ஒரு ரூபா கொறையல!” என்றார்.

“அது போட்டுரும் சித்தப்பா. நான்தான் ஒழுங்கா மாட்டணும்” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. கூட்டத்தில் யாரோ பீய்ச்சிய தண்ணீர் ரெண்டு பேர் மேலும் விழுந்தது. தங்கச்சி மட்டும் கைதட்டிச் சிரித்தாள்.